‘எல்’ வரைக்கும் பென்சில்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வரிசையை
எறும்பு என்று சொல்ல முடியாது.
எறும்பு நகரும்.
நேற்று ராத்திரி பதினொன்றுக்கு எஞ்சினை அணைத்தேன்,
இப்போது காலை பத்து.

மடியில் புத்தகம். மூர் மார்க்கெட்டில் முப்பது ரூபாய்.
அட்டை இல்லை, முதல் தாளில் பேர் இருக்கிறது:
ஜெ. பெர்னதெத், நாகூரான் தோட்டம்.

போன மாசம் கேட்டில் ஒரு தாள் நீட்டினார்கள்.
‘டிடெயின்ட்’ என்று இருந்தது.
ஏதோ பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன்.
மூன்று நாள் வண்டி உள்ளே, நான் வெளியே.
அந்த ஒரு சொல் ஆயிரத்தெண்ணூறு ரூபாய்.
முப்பதுக்கு மொத்தப் புத்தகமும் மலிவுதான்.

சொல்லுக்கு ஒரு பொருள், பொருளுக்கு ஒரு வாக்கியம்,
வாக்கியத்துக்குள் எப்போதும் ஒரு சூசன்.
சூசன் பனியில் வழுக்குவாள்.
அத்தையின் உயிலைப் படித்து வியப்பாள்.
சூசனை ஏற்றிக்கொண்டு நான் மணலிக்குப் போய்
என்ன செய்ய?

பெர்னதெத்துக்கும் அதே எரிச்சல்.
சூசனை அடித்துவிட்டு
ஓரத்தில், பென்சிலில்:
‘அபண்டன்ட்’ – ஐஸ் கம்பெனி வாசலில் ஈ அபண்டன்ட்.
‘கன்சீல்’ – சீட்டுப் பணத்தை அரிசி டின்னில் கன்சீல் செய்தேன்.
‘எலிஜிபிள்’ – நான் எலிஜிபிள். அவர்கள்தான் லெட்டர் போடவில்லை.
‘இம்மினென்ட்’ – இண்டர்வியூ இம்மினென்ட்.
அதன் கீழே அழுத்தி இரண்டு கோடு,
தாள் கிழிந்திருக்கிறது.

‘ஜே’யில் கொஞ்சம்.
‘கே’யில் இரண்டே இரண்டு.
‘லிங்கர்’ – பொருளைச் சுற்றி வட்டம்,
வாக்கியம் இல்லை.
அப்புறம் ஓரமெல்லாம் வெள்ளை.

வேலை கிடைத்ததா, பென்சில் தீர்ந்ததா,
எடைக்குப் போட்டது யார்?
‘கண்ணாலம் கட்டினு பூட்டிருக்கும், வுடுணா’
என்கிறான் கிளீனர் மோசே.
அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்.

‘எம்’மிலிருந்து என் நீலப் பேனா.
‘மியூட்’ – ஆரன் ரிப்பேர், வண்டி மியூட்.
‘நெக்லிஜிபிள்’ – வெயிட்டிங் காசு நெக்லிஜிபிள் என்றார் ஓனர்.
‘ஆப்ஸ்டகிள்’ எழுத ஓரம் போதவில்லை,
அடுத்த பக்கத்துச் சூசனையும் அடித்தேன்.

‘லிங்கர்’ பக்கத்தில் மட்டும் பேனா வைக்கவில்லை.
தினம் ஒருமுறை திறப்பேன்,
வட்டத்தைப் பார்ப்பேன், மூடுவேன்.
மோசே சிரிப்பான்.

இப்போது பின்னால் ஆரன்.
புத்தகத்தை டேஷ்போர்டில் குப்புற வைத்து
கியரைப் போட்டேன்.
ஒரு வண்டி நீளம் போனோம்.
அணைத்தேன்.
‘பெண்டிங்’.