புளியரையிலிருந்து ஒரு பெட்டி

பழைய டார்ச்சின் வயிற்றில் மூன்று செல்.
எனக்கு வேண்டியதும் மூன்றுதான்.
ஸ்பிரிங்கைப் பிடுங்கி
சோப்பு டப்பாவுக்குள் குடிவைத்தேன்.

எண் தெரிய ஒரு ஜன்னல் வேண்டும்.
ஆக்சா பிளேடைச் சுடவைத்து இழுத்தேன்.
கோடு கிழக்கே சாய்ந்தது
கணவாய்க் காற்றுக்கு எங்கள் தென்னை சாய்வதுபோல.
அரம் போட்டுச் சமாதானம் செய்தேன்,
முழுதாக இல்லை.

கடிகாரம் ஆரியங்காவில்
லாட்டரி விற்கும் ஓமனாவுக்கு.
மூன்று மணிக்குக் குலுக்கல்.

எந்நேரமும் எரிந்தால்
நாலு நாள்கூடத் தாங்காது.
ஆகவே ஒரு பொத்தான்:
அழுத்தினால் எண்கள் கண் திறக்கும்,
விட்டால் இருட்டுக்குள்
தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
மடியில் டப்பா. டப்பாவில் வயர்.
பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து
நின்றுகொண்டார்.
"என்னடே இது?"
வாய் வரவில்லை, பொத்தானை அழுத்தினேன்.
11:42.
ஏட்டையா டப்பாவைப் பார்த்தார்,
தன் மணிக்கட்டைப் பார்த்தார்,
திருகி இரண்டு நிமிஷம் முன்னே தள்ளிவிட்டு
"போ" என்றார்.

பத்தாம் நாள் ஓமனா போன் செய்தாள்.
இரண்டே முக்காலுக்கு மேல்
யாரும் விரலை எடுப்பதில்லையாம்.
செத்துப்போச்சு என்றாள்.

சாகவில்லை, வெளிச்சம்தான் தீர்ந்தது.
உள்ளே காசளவு இன்னொரு செல் இருக்கிறது,
அது நேரத்தை விடாமல் எண்ணும்,
அஞ்சு வருஷம் எண்ணும் என்றேன்.

"எண்ணட்டே. எனிக்கெந்தா?
மூணு செல் கொண்டு வா."