ஒன்றாம் தேதிக் கடிதம்

டுலூத்தில் முழங்கால் அளவு பனி.
காகித ஆலை மூடியதிலிருந்து
ஆர்வோ எழுதும் காசோலையெல்லாம்
ஒரே பெயருக்கு: இன்சூரன்ஸ் கம்பெனி.
படகு போயிற்று.
ஏரிப் பனியில் துளையிடும் எந்திரம் போயிற்று.
மர்னாவின் மோதிரமும்.
"விரல் வீங்குது, அதான் கழட்டினேன்" என்றாள்.
நம்பியதுபோல் இருந்தான்.

இன்று ஒரு கடிதம்.
ஆறு மாதப் பிரீமியத்தை
ஏதோ அறக்கட்டளை கட்டிவிட்டதாம்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
கடன் பத்திரம்போல்
கையெழுத்துக் கேட்கும் கோடு
எங்கும் இல்லை.

ஐனோவுக்கு ஏழு வயது, மூக்கில் குழாய்.
கடிதம் அவளுக்கு வேண்டாம்,
உறைதான் வேண்டும்.
அதன் சன்னல் தாளைக் கிழித்து
ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு சொன்னாள்:
"அப்பா, நீ மங்கலாத் தெரியுற."

"நீயும்தான்" என்றான் ஆர்வோ.