வாடகைத் தொட்டிகள்

பங்குனி பிறந்து பத்தாம் நாள்
தரகர் தனகோட்டி வந்தார். உள்ளே வரவில்லை.
வாங்குகிறவன் கண் முதலில் விழும் இடம் இதுதான் என்று
கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்தார்.
"சித்திரை பொறந்துட்டா போர்ல காத்துதான் வரும்.
அப்பால இந்த மலையோரம் எவன் வருவான்?
பச்சையா இருக்கசொல்லோ காட்டிடணும்மா."

அன்றைக்கு எங்கள் வாசலில் பச்சையாய் இருந்தவை
துணி காயும் நைலான் கயிறு,
ஒரு பிளாஸ்டிக் குடம்,
ஓரமாய்த் துளிர்விட்ட புங்கம்,
முன்னால் ஒரு முருங்கை.

வாசலில் முருங்கை ஆகாது என்றார்.
சனிக்கிழமை இவர் வெட்டினார்.
சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முழுக்க
இரண்டு நாளைக்கு ஒரே சாம்பார்.

மூலையில் ஒரு சாக்கு.
ராணிப்பேட்டையில் கம்பெனி மூடியபோது
பாக்கிச் சம்பளத்துக்குப் பதில்போல
இவர் தூக்கிவந்த தோல் துண்டுகள்.
எதற்காவது ஆகும் என்று ஆறு வருடம்
மழை நனைத்து, வெயில் முறுக்கி,
கருவாடாய்க் கிடந்தன.
அதைக் குப்பை வண்டியில் ஏற்றும்போது மட்டும்
இவர் உள்ளே போய்
டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

பாகாயம் நர்சரியிலிருந்து
மினி வேனில் பதினான்கு தொட்டிகள்.
ஒன்றுக்கு நாள் வாடகை முப்பது.
"கல்யாணமாக்கா?" என்றான் இறக்கிய பையன்.
"பொண்ணு பார்க்க வர்றாங்க" என்றேன்.
மதில் விரிசலுக்கு நேரே காகிதப்பூவை வைத்தான்.
எங்களுடைய கற்றாழையையும் துடைத்து
வரிசையில் சேர்த்துவிட்டேன்.

கழுவக் கழுவ வேம்பு பூ கொட்டியது.
மூன்று நாள் கழுவினோம்.
ஞாயிறு காலை ஆறு மணிக்கு மோட்டார்
முதலில் இருமியது,
பிறகு செம்மண் துப்பியது,
பிறகு வெறும் மூச்சு.
அறுநூறு அடிக்குக் கீழே எங்கள் வீடு
காலியாக இருந்தது.

எட்டரைக்கு டேங்கர் கன்னியப்பன் ஊற்றிவிட்டுப் போனார்.
தெருமுனையிலிருந்து எங்கள் கேட் வரைக்கும்
கோடு போட்டதுபோல் ஈரம்.
துடைப்பத்தோடு நின்றேன்.
தண்ணீரை எப்படிப் பெருக்குவது?
வெயில் ஏறட்டும், காயட்டும் என்று
வேலூரில் முதல்முறையாக
வெயிலுக்கு வேண்டிக்கொண்டேன்.

பத்துக்கு வருவதாகச் சொன்ன ஜபீன்
நைட் டியூட்டி முடித்து ஒன்பதுக்கே வந்துவிட்டாள்,
நர்ஸ் உடுப்போடு, ஸ்கூட்டரில்,
அந்த ஈரக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு.
ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் கேள்வி:
"கன்னியப்பன் வண்டியா?
எங்க தெருவுக்கும் அவர்தான்.
உங்ககிட்ட லோடுக்கு எவ்வளவு வாங்குறார்?"

தனகோட்டி எங்கள் மோட்டாரைப்போல் இருமினார்.
நான் சொன்னேன்.
சொல்ல ஆரம்பித்தால் நிற்கவில்லை.
சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் டேங்கர்தான்,
இந்தப் பூவெல்லாம் பாகாயத்துப் பூ,
அதன் பின்னால் ஒரு விரிசல்.

அவள் காகிதப்பூவைக் காலால் நகர்த்தி
விரிசலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்,
புண்ணின் ஆழம் பார்ப்பதுபோல.
"வேம்பு வேர். மரத்தை விட்டு வச்சீங்களே, போதும்."
பிறகு வாசலுக்கு வந்தவள்
பிசின் வடியும் கட்டைக்கு முன்னால் குனிந்தாள்.
"முருங்கையா? இதை ஏன் வெட்டினீங்க?"
இவர் தனகோட்டியைப் பார்த்தார்.
தனகோட்டி மலையைப் பார்த்தார்.

போன் பண்ணுகிறேன் என்று போனாள்.
விலை பேசவே இல்லை.

சாயங்காலம் வேன் வந்தது.
பையன் எண்ணினான். மறுபடி எண்ணினான்.
"பதினஞ்சு இருக்குதேக்கா.
இதுல உங்களது எது?"
வரிசையைப் பார்த்தேன்.
எல்லாம் துடைத்து, நனைத்து, பளபளவென்று.
ஒரு நிமிடம்
எனக்கும் தெரியவில்லை.