ஹோன் செத்த காலை

நோர்வூட் பாலம் தாண்டியதும் ஹோன் செத்துப்போனது.
ஒரு இருமல், அப்புறம் ஒன்றுமில்லை.
ஸ்டியரிங் நடுவில் உள்ளங்கையை வைத்து அமுக்குகிறேன்
ரொட்டிக்கு மா பிசைகிற மாதிரி.
புட்போர்டில் தொங்கியபடி லோகேந்திரன் கேட்கிறான்:
"என்னண்ணே, பஸ்ஸுக்குப் பேச்சு நின்னுருச்சா?"

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரை
வளைவுகளை நான் எண்ணியதில்லை.
பதினோரு வருடமாக ஹோன்தான் எண்ணியது.
வளைவுக்கு முன்னால் நீளமாக ஒன்று: வருகிறேன்.
திரீவீலுக்கு இரண்டு: ஒதுங்கு.
எதிரே வரும் தெரிந்த டிரைவருக்குச் சின்னதாக: சாப்பிட்டியா?
சைக்கிளுக்கு மட்டும்
கையை எடுக்காமல் அமுக்கியே பிடிப்பது.
அதற்கு என்ன அர்த்தமென்று யோசித்ததில்லை.

லோகேந்திரன் தொண்டையைத் திறந்தான்.
"ஓரம்! ஓரம்! அயின் வென்ன!"
நாலு வளைவில் குரல் கிழிந்துவிட்டது.
கிளினிக் கொப்பியை மடியில் வைத்திருந்த பெண்
ஜன்னலைத் தள்ளிக்கொண்டு தானும் கத்தினாள்:
"ஏய், வண்டி வருது வண்டி!"
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திருவிழா.

அப்போதுதான் அந்தப் புல்லுக்கட்டு.

ஏற்றத்தில், ரோட்டுக்குள் ஒரு முழம் தள்ளி
ஒரு புதர் தானாக நடந்து போகிறது.
அடியில் இரண்டு சக்கரம், இரண்டு கால்.
மிதிக்கிற ஏற்றமில்லை அது, தள்ளுகிறார்.
இடது பக்கம் மூடியில்லாத கான்.
பின்னால் நான்.
ஏறுகிறவனுக்கு வழி விடு என்பது சட்டம்.
இரண்டு பேருமே ஏறுகிறோம், ஒருவர் தள்ளிக்கொண்டு.
சட்டப் புத்தகத்துக்கு மூச்சு வாங்கியதில்லை.

ஹோன் இருந்திருந்தால்
அவர் ஒரு காலைக் கானுக்குள் வைத்திருப்பார்,
நான் டிக்கோயாவில் இருந்திருப்பேன்.

முதல் கியர். அவர் நடையில் பஸ்.
நாற்பத்தெட்டுப் பேரும் பச்சைப் புல் வாசனை பிடித்தோம்.
வலது செருப்புக்கு வார் கறுப்பு, இடதுக்கு நீலம்.
அட்டைக்குப் பூசிய சவர்க்காரம்
கணுக்காலில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.
மட்கார்டில் பெயின்ட் எழுத்து: செவனு.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் மடிந்திருந்தது.
இத்தனை வருடம் முந்திப் போனவன் நான்,
ஒரு நாளும் பின்னால் போனதில்லை.

பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்.
லீசிங் கம்பெனிப் பையன், ஹெல்மெட்டில் தூறல்,
அவனுக்கு நல்ல ஹோன்.
என்னைக் கடந்தான்,
வளைவின் வாயில் வலது பக்கத்தை
முழுசாக எடுத்துக்கொண்டான்.

புல்லுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது.
விரல்களை விரித்து, அப்படியே நின்றது.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
கடந்து போகும்போதெல்லாம் பக்கக் கண்ணாடியில் பார்த்து
சபிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.
பதிலுக்கு நானும் இரண்டு சொல் சொல்லியிருக்கிறேன்,
பிள்ளைகள் இருப்பதால் வாய்க்குள்.

பையன் பிரேக் பிடித்தான். பின் டயர் வாலாட்டியது.
நானும் நின்றேன்.
வளைவுக்குள்ளிருந்து கொழுந்து லொறி,
ரோடு முழுவதும் தனக்கே என்று இறங்கி வந்து
பையனின் முழங்காலுக்கும் தனக்கும் நடுவே
ஒரு தேயிலை அகலம் விட்டுப் போனது.
போன பிறகுதான் ஹோன் அடித்தது.

ஹெல்மெட்டுக்குள் அவன் என்ன சொன்னானோ,
கண்ணாடி மட்டும் ஆவி பிடித்தது.
எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது:
அந்தக் கையை மீறி நான் போன நாட்களில்
வளைவுக்குள் யார் யார் பிரேக் பிடித்தார்களோ.

கை ஹேண்டிலுக்குத் திரும்பியது.
கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து அசைந்தது: போ.

மறுநாள் ஹட்டனில் வயர் மாற்றினேன்.
அறுநூற்றைம்பது ரூபாய்.
அடுத்த ட்ரிப்பில் அதே ஏற்றம், அதே புல்.
சின்னதாக அடித்தேன், தெரிந்த டிரைவருக்கு அடிக்கிறது.
கை எழுந்தது.
நின்றேன்.
லோகேந்திரன் இறங்கிப் போய் வளைவை எட்டிப் பார்த்தான்.
லொறி இல்லை, திரீவீல் இல்லை,
ஒரு மாடுகூட இல்லை.

அப்படியானால் இது சாபம்தானா?
கேட்டுப் பார்க்க
என் ஹோனில் அதற்கொரு சத்தமில்லை.