மூன்று பதினேழுக்கு எடுத்த படம்

வின்னிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இரவு ஓடிய சோதனைகளில் ஒன்று மட்டும் சிவப்பு.
பொத்தானைக் காணவில்லை என்று
நாற்பது வரிக்கு ஒரே புலம்பல்.

பகலில் நான் ஓட்டினால் பச்சை.
காத்திருக்கும் நேரத்தைக் கூட்டு என்றான் துஷியந்தன்.
கூட்டினேன்.
கூடுதலாய்க் காத்திருந்து தோற்றது.

விழுகிற கணத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவை
என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால்
பொத்தான் அங்கேதான் இருக்கிறது.
அதன்மேல் குந்தியிருக்கிறது
அலுவலகம் பூட்டிய பிறகு மட்டும் தலைகாட்டும்
நீலப் பெட்டி:
'வணக்கம், ஏதும் உதவி வேணுமா?'

முப்பது விநாடி
அந்தச் சிரிப்பின் முன்னால் நின்றிருக்கிறது பிரவுசர்,
விலகு என்று சொல்லத் தெரியாமல்.
சில கலியாண வீடுகளில்
நானும்.

ஒரு வரி சேர்த்தேன்: முதலில் அதை மூடு.
பச்சை.
இனிக் காரைத் தோண்டி எடுக்கவேணும்.