செய்முறை வகுப்பில் நான் பிணம்

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.
புலனாய்வு அலுவலர் பிரபின்.
தடயம் சேகரிக்க மெர்சிலினும் அபிஷாவும்.
புகைப்படம் சுஜின், போனில் சார்ஜ் இருக்கும்வரை.
பிணம் நான்.

குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரை
பஸ்சில் நின்றே வந்த கால்களுக்கு
இந்த வேடம் பிடித்துத்தான் இருந்தது.
நூலகத்துக்குப் பின்னால், அயனி மரத்தடியில் படுத்தேன்.
இடது கை தலைக்கு மேல், வலது கை வயிற்றுக்கு அடியில்.
"கண்ண மூடாத மக்கா," என்றான் பிரபின்,
"மூடுனா ஒறங்குத மாதிரி இருக்கும்."

செம்மண்ணில் சாக்பீஸ் எழுதாது.
அபிஷா வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசி மாவால்
என்னைச் சுற்றி வரைந்தாள்.
கோலம் போட்டுப் பழகிய விரல்;
முழங்காலருகே ஒரு சுழி தானாக வந்துவிட்டது.

சீனியர் அக்கா நாற்பது ரூபாய்க்கு விற்றுப்போன நோட்டு
கைமாறிக்கொண்டே இருந்தது.
முன்னூற்றிரண்டை வெட்டி நூற்றிமூன்று,
நூற்றெழுபத்துநாலை வெட்டி நூற்றுத்தொண்ணூற்றுநாலு.
சட்டத்தில் எண்கள் மாறியிருக்கின்றன.
படுத்திருப்பவளுக்கு
மேலே தெரிந்த கிளைகள் பழையவைதான்.

டேப் என் குதிகாலில் தொடங்கி மதில்வரை போனது.
மெர்சிலின் பையைக் கவிழ்த்தாள்.
கட்டணமில்லாப் பயணச்சீட்டு, நேரம் அழிந்தது.
சாப்பாட்டு டப்பா: மரச்சீனிக் கிழங்கு, சாளைக் கறி.
'சூடு ஆறவில்லை' என்று குறித்துக்கொண்டாள்.
செருப்பு ஒன்றுதான் இருந்தது.
மற்றதைத் தேடி மூன்று பேர் போனார்கள்.
நாய் கொண்டுபோயிருந்தது;
நாய் எங்கள் திட்டத்தில் இல்லை.

பிறகு பிரபின் கேள்விகளைத் தொடங்கினான்.
தனியாகவா வந்தாள்?
வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளா?
கடைசியாக யாருக்குப் போன்?
இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை?
"லவ்வு ஏதும்?" என்றான் சுஜின்,
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.
எழுதினார்கள்.
தாளைத் திருப்பி, மறுபக்கமும் எழுதினார்கள்.
பாடத்திட்டத்தில் இந்தத் தாளுக்குப் பெயர்
பாதிக்கப்பட்டோரியல்.

கழுத்தில் ஒரு முசிறு ஏறியது.
பிணம் அசையக் கூடாது.
பிணம் பதில் சொல்லக் கூடாது.
எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது,
வாய்க்குள் மண்போல.
முசிறு காதுமடலில் நின்று கொஞ்சம் யோசித்தது.
அங்கிருந்தவர்களில் அது ஒன்றுதான்
நான் உயிரோடிருப்பதை நம்பியது.
கடித்தது.

அலறிக்கொண்டு எழுந்தேன்.
எல்லாரும் சிரித்தார்கள், மேடமும்.
மெர்சிலின் மட்டும்
அறிக்கையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.
"எல பிரபினு," என்றாள்,
"இதுல கொன்னவன் எங்கல?"

மூன்று பக்கம்.
மூன்றிலும் நான்தான் இருந்தேன்.

குழுவுக்குப் பத்துக்கு ஏழரை.
பிணத்துக்கு மார்க் இல்லை, வருகைப் பதிவு உண்டு.
மதியம் கை கழுவப் போகும்போது எட்டிப் பார்த்தேன்.
சிற்றெறும்புகள் வந்திருந்தன.
என் இடது தோள் மணிமணியாக
மதிலேறிப் போய்க்கொண்டிருந்தது.
முழங்கால்ச் சுழியை
இன்னும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று.
முதுகெல்லாம் செம்மண்.
ரப்பர் ஷீட் உலர்த்திய கையோடு அம்மா பார்த்தாள்.
"சவமே, எங்க கெடந்து உருண்ட?"

எங்கள் பக்கம் பால் திரிந்தாலும் சவம்,
கரண்டு போனாலும் சவம்,
பெற்ற பிள்ளை பிந்தி வந்தாலும் அதுதான்.
இன்றைக்குச் சரியாக வந்து விழுந்தது.
சிரித்தேன். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

லைப்ரரிக்குப் பொறத்த, என்றேன்.
யார்கூட என்று கேட்பாள் என நின்றேன்.
தோர்த்தை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள்.
என் தாடையைப் பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"காது இப்பிடி வீங்கிக் கெடக்கே,
எது கடிச்சு?"