எல்லாருக்கும்

காலை எட்டு பத்து.
ஜன்னலுக்கு வெளியே பாலம்
பாதிதான் தெரிகிறது, மீதி புகைமூட்டத்தில்.
கோப்பி ஓ இன்னும் ஆறவில்லை,
அதற்குள் பதினேழு மின்னஞ்சல்.
பதினேழும் ஒரு சாப்பாட்டு டப்பாவைப் பற்றி.

மூன்றாம் மாடிக் குளிர்பெட்டியில் வைத்த
நீல மூடி டப்பாவைக் காணோம் என்று
டாக்டர் சியோக் ஹுவா நேற்று மாலை
துறை முழுவதற்கும் எழுதியிருந்தார்.
உள்ளே அச்சார் இருந்தது என்பதையும் சேர்த்து
நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு.

நான் எடுக்கவில்லை என்றார் ஒருவர், எல்லாருக்கும்.
நானும் இல்லை என்றார் இன்னொருவர், எல்லாருக்கும்.
எல்லாருக்கும் பதில் போடாதீர்கள் என்று
எல்லாருக்கும் போட்டார் டாக்டர் ஷம்சுல்.
சரியாகச் சொன்னீர்கள் என்று அவருக்கு ஆறு பேர்,
அதுவும்
எல்லாருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்று
தைப்பிங்கில் மீன் வளர்க்கிற பேராசிரியர் சச்சிதானந்தம்
'மதிப்பிற்குரிய நண்பர்களே' என்று தொடங்கி
அந்த டப்பாவைத் தாம் பார்த்ததே இல்லை என்று
இரண்டு பத்தி எழுதியிருந்தார்.
அவர் பெயரை நீக்க மறந்துபோனேன்.
மறக்கவில்லை.
நீக்கக் கை வரவில்லை.

பத்து மணிக்குத் தலைவர் கூப்பிட்டார்.
"யார், யாருக்கு, எப்போது எழுதலாம்?
ஒரே பக்கத்தில் விதி எழுதுங்கள், புஷ்பலீலா."
மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.
எனக்கோ முதலில் தமிழில்தான் வருகிறது:
பூனை குட்டி போட்டதற்கு
எதற்கய்யா தண்டோரா.
இதைப் பேராசிரியர்களுக்கு அனுப்ப முடியாது.

'ஒருவரிடம் சொல்ல வேண்டியதை ஒருவரிடம் சொல்லவும்.'
அழித்தேன். திருமண ஆலோசனை போல இருந்தது.
'கோபமாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு அனுப்பவும்.'
அதையும் அழித்தேன்.
கடைசியில், எல்லாரும் என்றால் யார் யார் என்று
பட்டியலைத் திறந்தேன்.
பதினோரு வருஷத்தில் இன்றுதான்
ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன்.

ஆய்வுக்கூட இஸ்கந்தர் இருக்கிறார்.
போன நோன்பு மாதம் இறந்துபோனார்.
ஒவ்வொரு அறிவிப்புக்கும்
அவர் பெட்டி நிறைந்துவிட்டது என்று
இயந்திரம் மட்டும் பதில் போடுகிறது.
ஒரு தவணை படித்துவிட்டு
ஓடிப்போன மாணவன் ஒருவன் இருக்கிறான்.
நானே இரண்டு முறை இருக்கிறேன்,
கல்யாணத்துக்கு முன் ஒரு பெயரில், பின் ஒரு பெயரில்.

வாசல் காவல் தில் பகதூர் இல்லை.
தளம் துடைக்கிற சிந்தாமணி இல்லை.
அவளோடு வரும் இந்தோனேசியப் பெண்ணும் இல்லை,
அவள் பெயர் எனக்குத் தெரியாது.
குத்தகைக் கம்பெனி ஆட்கள்,
அவர்களுக்கு முகவரி தருவதில்லை.

மதியம் நிர்வாகத்திலிருந்து சேதி:
நாளை காலை ஆறு முதல் மறுநாள் மாலை வரை
கட்டடத்தில் தண்ணீர் வராது.
இதோ, உண்மையிலேயே எல்லாருக்குமான ஒன்று.
இரண்டு வரி எழுதி, எழுத்துப்பிழை பார்த்து,
பொத்தானை அழுத்தினேன்.
நூற்று நாற்பத்து மூன்று.

அரை நிமிஷத்தில் அந்தக் கடிதத்துக்கே பதில்:
டப்பா கிடைத்துவிட்டது, என் காரிலேயே இருந்தது,
எல்லாருக்கும் நன்றி.

படியில் இறங்கினேன்.
மாடிப்படிக்கு அடியிலிருக்கும் அறையில்
சிந்தாமணி பதினோரு வாளிகளை வரிசையாக வைத்து
பன்னிரண்டாவதில் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தண்ணி..." என்றேன்.

"தெரியும்மா. காலையிலயே குழாய் இருமுச்சு."

வாளி நிறையும் சத்தம்
மெல்லிசாகிக்கொண்டே வந்தது.
குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்:
"மேல எல்லாருக்கும் சொல்லியாச்சா?
இல்ல, நான் போய்ச் சொல்லணுமா?"

சொல்லியாச்சு என்றேன்.
எல்லாருக்கும் என்று சொல்ல வந்து
அந்த வார்த்தை மட்டும்
தொண்டையிலேயே நின்றுவிட்டது.